பாவ்ஜு பிடித்த பாதம்

செத்துப்போனவனின் உடம்பெல்லாம் குளிர்ந்து, பாதம் மட்டும் சூடாக இருந்தால் அவன் எங்கே போயிருப்பான்?

இது எங்கள் ஊர் பாவ்ஜுவின் கேள்வி. என்னிடம் கேட்டிருந்தால் விழித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். தைவானின் இந்த மேற்குக் கரையில் வளர்ந்தவர்களுக்கு ஊர் சொல்லும் பதில் என்னவோ தெரியும். கடைசிச் சூடு உச்சந்தலையில் நின்றால் அவன் புத்தரின் நாட்டுக்குப் போனான். நெஞ்சில் நின்றால் மறுபடியும் மனிதனாகப் பிறப்பான். பாதத்தில் நின்றால் கீழே, நரகத்துக்கு; அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பாவ்ஜு சிப்பி உடைப்பவள். மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரக் கூரையின் கீழ் நாலைந்து பெண்கள் குட்டை முக்காலிகளில் உட்கார்ந்து சிப்பியைப் பிளந்து சதையை வழித்துப் போடுவார்கள். வெறும் ஓடுகள் அவர்களுக்குப் பின்னால் கூரை உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று வீசினால் அந்தக் குவியல் தானாகவே கலகலக்கும். யாரோ உள்ளே புரண்டு படுப்பது போலிருக்கும். புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் திரும்புவதில்லை.

ஒவ்வொரு சிப்பியின் இடுக்கிலும் கத்தியை நுழைக்கும்போது பாவ்ஜு "ஆமிதோஃபோ" என்று முணுமுணுப்பாள்.

"ஏண்டி, அதைக் கொல்றதுக்கு முன்னாடி சொல்றியா, கொன்னப்புறம் சொல்றியா?" என்று கேட்பாள் பக்கத்து முக்காலி யூலான்.

"கத்தி உள்ள போறப்போ சொல்றேன்."

"அப்படின்னா நீ உடைச்ச சிப்பி மொத்தமும் புத்தர் நாட்டுக்குப் போய்ச் சேந்திருக்கும். நாளைக்கு நாம போனா உக்கார இடம் இருக்காது, போ!"

அந்தச் சொல் அமிதாப புத்தரின் பெயர். ஆனால் எங்கள் ஊரில் அது வெறும் பெயர் இல்லை. வழியில் பார்த்தால் வணக்கத்துக்கு அதைச் சொல்வோம். யாராவது பழம் கொடுத்தால் நன்றிக்கும் அதுதான். காலை மிதித்துவிட்டால், சாவுச் செய்தி கேட்டால், பேரம் படியாவிட்டால்கூட அதேதான். எப்படி இழுக்கிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை வைத்து என்ன சொல்ல வருகிறார்கள் என்று புரிந்துகொள்வோம். சோறோ சூப்போ போதுமென்றால் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடி, அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை வெடுக்கென்று வெட்டிச் சொல்வோம்.

பாவ்ஜுவின் கணவன் யொங்ஃபா ஈரல் கெட்டுச் செத்தான். வைத்தியத்துக்கு வழியில்லை என்று தெரிந்ததும் எல்லோரையும் போல அவனையும் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையில் பலகை போட்டுக் கிடத்தினார்கள். சாகிறவரைத் தொடக்கூடாது, அழக்கூடாது. மூச்சு நின்ற பிறகும் நெடுநேரம் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தரின் பெயரை ஓத வேண்டும். தொட்டால் உயிர் தடுமாறி வழி மாறிப் போகும் என்பார்கள். பாவ்ஜுவுக்கும் இது தெரியும். ஆனால் அவனுடைய பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. படகில் நாளெல்லாம் தண்ணீரில் நின்ற கால். சாவு வீடுகளில் ஓதும் பெண்கள் குழு வந்து சேர்வதற்குள் அவள் குனிந்து இரண்டு பாதங்களையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். அப்படியே அழுதாள். அந்தக் கைகளுக்குள்தான் அவன் உயிர் போனது.

பிறகு குழுவில் ஒருத்தி வழக்கப்படி உடம்பில் சூடு எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். அவள் முகம் மாறியது. பாவ்ஜுவிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பின்கட்டில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த பாவ்ஜுவின் காதில் அது விழுந்தது.

"பாதம்டி. பாதத்துலதான்."

அதற்குப் பிறகு அவள் அந்த ஓதும் குழுவிலேயே சேர்ந்தாள். ஊரில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் சின்னக் கைமணியோடு போய் உட்கார்ந்து, மற்றவர்கள் ஓதுவதற்குத் தாளம் தட்டுவாள். அந்தப் புண்ணியம் யொங்ஃபாவுக்குப் போகட்டும் என்றுதான். அவன் எங்கே இருந்தாலும்.

சியென் வாத்தியாரிடம் அவள் ஒரு தடவை கேட்டாள். அவர் முன்பு பள்ளியில் பூகோளம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பின் பழைய உப்புக் கிடங்கின் பின்னறையில் தனியாகக் குடியிருந்தார். புதன்கிழமை மத்தியானம் கிடங்கில் பேசுவார். தைனான் நகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் பிடித்து வருவார்கள். பெரும்பாலும் சாவைப் பற்றித்தான் பேச்சு. சாவு என்பது நமக்கு நேர்கிற விபத்து இல்லை, நாம் செய்கிற கடைசி வேலை, அதை முழுக் கவனத்தோடு செய்ய விட வேண்டும் என்பார்.

"என் நேரம் வந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடாதீங்க. கோ அக்காவைக் கூப்பிடுங்க. மூக்குல குழாயைச் சொருகினீங்கன்னா பேயா வந்து உங்க கஞ்சியில உப்பை அள்ளிப் போடுவேன்!" என்று அவர் சொன்னபோது கிடங்கே சிரித்தது. கோ அக்காதான் குழுவின் தலைவி. அவரும் சிரித்தார்.

அன்று பேச்சு முடிந்து எல்லோருக்கும் சூப் ஊற்றிக்கொண்டு வந்த பாவ்ஜு, வாத்தியாரின் முன்னால் வந்ததும் கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுவிட்டாள். "வாத்தியாரே, என் வீட்டுக்காரருக்குப் பாதம்தான் சூடா இருந்துச்சு. அவர் எங்க போயிருப்பாரு?"

வாத்தியார் நிமிர்ந்து அவளையே பார்த்தார். பிறகு கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "ஆமிதோஃபோ" என்றார்.

அது தன் கேள்விக்குப் பதிலா, சூப் போதும் என்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர் கிண்ணத்தை நீட்டினார். அவள் நகர்ந்துவிட்டாள். மறுபடி கேட்கத் தைரியம் வரவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து ஒரு காலையில் கடலோரம் முழுக்க மூடுபனி. பாவ்ஜு வழக்கம்போல வாத்தியாருக்குக் கஞ்சியும் ஊறுகாய் வெள்ளரியும் எடுத்துக்கொண்டு போனாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. வாத்தியார் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, எச்சில் கழுத்து வரை வழிந்து காய்ந்திருந்தது. ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து அவர் மடியில் தேங்கியிருந்தது போல அவளுக்குத் தோன்றியது.

"வாத்தியாரே?"

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. ரொம்ப மெலிசாக. அவள் போனை எடுத்தாள். ஆம்புலன்ஸ் என்றுதான் விரல் போனது. அவர் சொன்னது நினைவுக்கு வந்ததும் நிறுத்தி, கோ அக்காவைக் கூப்பிட்டாள்.

கோ அக்கா யூலானையும் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நால்வருமாக வாத்தியாரைத் தூக்கிக் கட்டிலில் வலப்பக்கம் ஒருக்களித்துக் கிடத்தினார்கள். புத்தர் படுத்திருப்பது போல. மேலே மஞ்சள் துணியைப் போர்த்தினார்கள்.

"இனிமே யாரும் தொடக்கூடாது," என்றார் கோ அக்கா. "அழறதா இருந்தா வெளிய போய் அழுதுட்டு வாங்க."

அதற்குள் செய்தி பரவிவிட்டது. கிடங்கின் முன்னால் ஸ்கூட்டர்கள் வந்து நின்றன. சிப்பிக் கொட்டகையில் வேலையை நிறுத்திவிட்டு ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். யாரும் உள்ளே வரவில்லை, சத்தமாகப் பேசவுமில்லை. பனியில் முகம் தெரியாமல் வரிசையாக நின்று வாய்க்குள் ஓதினார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் கரையில் நட்ட கம்புகள் மாதிரி இருந்தது.

உள்ளே கோ அக்கா பெயரை ஓதும் சின்னப் பெட்டியை வைத்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் பெட்டிதான். ஒரு ஆண் குரல் மெதுவாக, நிற்காமல், ஆமிதோஃபோ, ஆமிதோஃபோ என்று ஓதிக்கொண்டே இருக்கும். அதனோடு சேர்ந்து பெண்கள் ஓத, பாவ்ஜு மணியைத் தட்டினாள்.

நேரம் போயிற்று. கஞ்சி ஆறி மேலே ஆடை கட்டியது. கோ அக்கா கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார். "மனுஷக் குரல் போதும். அவருக்குப் பழகின குரல் கேக்கட்டும்," என்றார்.

பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஆண் குரல் நிற்கவில்லை.

நான்கு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அறையில் ஓதிக்கொண்டிருந்த ஆண் யாரும் இல்லை. ஆனால் அந்தக் குரல் இருந்தது. தரையிலிருந்து வருவது போல, கரகரவென்று, அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் தொடர்ந்து வந்தது.

"அக்கா," என்றாள் யூலான். "கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. அவங்கதான்."

"ஓதுடி. நிறுத்தாத."

பாவ்ஜுவின் கை மணியைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவளுக்கு யொங்ஃபாவின் நினைவு வந்தது. கீழேயிருந்து வரும் குரல், வழி தெரியாத ஒருத்தனின் குரல், கதவுக்கு வெளியே நின்று கேட்கிற குரல். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தன்னையே கட்டிப்போட்டுக்கொண்டு வாத்தியாரின் முகத்தையே பார்த்தாள். அப்போதுதான் அவர் தொண்டை அசைவதைக் கண்டாள்.

"வாத்தியார்தான்! வாத்தியார்தான் ஓதுறாரு!"

கோ அக்கா குனிந்து பார்த்தார். உதடு அசையவே இல்லை. தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சொல் வந்துகொண்டிருந்தது. கோ அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. வாயில் புத்தர் பெயரோடு போவதைவிடப் பெரிய பேறு எங்கள் ஊரில் எதுவும் இல்லை. ஆயுசு முழுக்க அதற்காகத்தான் ஓதுகிறோம். வெளியே நின்றவர்களுக்குச் செய்தி போனதும் எல்லோரும் பனியில் அப்படியே மண்டியிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் முதலில் கும்பிடத் தொடங்க, எல்லோரும் கும்பிட்டார்கள்.

பாவ்ஜுவுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. கையில் மணி இருந்ததால் அவள்தான் தாளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் எப்போதும் மணியோடு சேர்ந்து ஓதுகிறவர். இப்போது மணிக்கு ஓதவில்லை. அவள் மெதுவாகத் தட்டினால் அவர் குறுக்கே புகுந்தார். வேகமாகத் தட்டினாலும் குறுக்கே புகுந்தார். கடைசி எழுத்து வெடுக்கென்று வெட்டியது. ஒவ்வொரு தடவையும் அப்படியே வெட்டியது.

இப்படி வெட்டுவதை எங்கே கேட்டோம்?

மணி நின்றது.

"பாவ்ஜு, தட்டு!" என்றார் கோ அக்கா.

"அக்கா, அவரு ஓதல. போதும்னு சொல்றாரு."

"என்ன உளர்ற?"

"சூப் ஊத்துறப்போ சொல்வாரே, அது மாதிரி. போதும், நிறுத்துங்கன்றாரு. கேளுங்க, அக்கா. நல்லாக் கேளுங்க."

எல்லோரும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தனியாகக் கேட்டபோது அந்தக் குரல் இன்னும் பயங்கரமாக இருந்தது. யூலான் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

கோ அக்கா கெட்டவர் இல்லை. அவர் பாவ்ஜுவின் பக்கம் திரும்பினார். "போதும்னு சொன்னா, இந்த உடம்பு போதும்னு சொல்றாருடி. நிம்மதியா விடு. யொங்ஃபாவுக்குப் பண்ணினதை இவருக்கும் பண்ணிடாத."

இத்தனை வருஷத்தில் அதை அவள் முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை. சொன்னதும் கோ அக்காவே வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த நொடியில் பாவ்ஜுவின் முன்னால் இருந்தது இவ்வளவுதான். அவர் போய்க்கொண்டிருந்தால், அவள் தொடுவது இன்னொரு மனிதனை அதே இருட்டுக்குள் தள்ளிவிடும். அதுவும் ஊரே கும்பிடுகிற மனிதனை. அவர் போகவில்லை என்றால், நான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியே அவரைச் சாகவிட்டதாகும். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. அவரிடம் மிச்சமிருந்தது அந்த ஒரே சொல்.

அவள் மணியைத் தரையில் வைத்தாள். மஞ்சள் துணியை விலக்கி, குனிந்து, இரண்டு பாதங்களையும் கைகளுக்குள் பிடித்தாள்.

ஒரு பாதம் சூடாக இருந்தது. இன்னொன்றும் சூடாகத்தான் இருந்தது, ஆனால் மாவு மாதிரித் தொய்ந்து கிடந்தது. முதல் பாதம் அவள் கைக்குள் இழுத்து உதைத்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. ஆளைக் கூப்பிடுகிறவன் கதவைத் தட்டுவது போல.

"யூலான், போனை எடு!" என்று பாவ்ஜு கத்திய கத்தலில் ஜன்னலுக்கு வெளியே ஓதல் நின்றது.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர், மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார். பேச்சு இருக்கிற இடம் கெட்டுவிட்டதாம். ஆனால் ஆயுசெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பாட்டோ பிரார்த்தனையோ சில பேருக்கு வேறெங்கோ தங்கிவிடுமாம், நினைத்ததைச் சொல்லப் போனாலும் அது ஒன்றுதான் வாயில் வருமாம்.

"கொஞ்சம் முன்னாடியே கொண்டாந்திருந்தா நல்லாருந்திருக்கும்," என்றார். "எங்க இருந்தீங்க இவ்வளவு நேரம்?"

கோ அக்கா மணிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பனிக்காலம் முடிவதற்குள் வாத்தியாரைச் சக்கர நாற்காலியில் கிடங்குக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் கைகால் விளங்கவில்லை. கேட்டதற்கெல்லாம் அந்த ஒரே சொல்தான் வந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றாக அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். நன்றி சொல்கிறார் என்றார் ஒருவர். போகவிடாமல் தடுத்துவிட்டீர்களே என்று திட்டுகிறார் என்றார் இன்னொருவர். புதன்கிழமைக் கூட்டம் குறைந்தது. பிறகு சிப்பிக் கொட்டகையில் வேறொரு பேச்சு கிளம்பியது.

"வாத்தியார் அன்னைக்கே போயிட்டாருடி. பாவ்ஜு காலைப் பிடிச்சு இழுத்தா இல்ல, அப்ப ஏதோ வேற ஒண்ணு உள்ள பூந்துடுச்சு. அதுக்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்."

பெற்றவர்கள் பிள்ளைகளைக் கிடங்குப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினார்கள். பனி இறங்கும் நேரத்தில் அந்த வழியாகப் போனவர்கள், மூடிய கதவுக்குப் பின்னால் அந்தக் கரகரத்த குரல் தனியாக ஓதுவதைக் கேட்டுவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினார்கள். யூலான்கூட முக்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஓடுகளின் குவியல் கலகலத்தபோது பாவ்ஜு முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. தினமும் அவருக்கு ஊட்டுகிறவள் அவள்தான். சில நேரம் அவர் பார்வை அவளைத் தாண்டி அவளுக்குப் பின்னால் யாரையோ பார்ப்பது போலிருக்கும். அந்த வாய் திறந்து அந்தச் சொல்லைச் சொல்லும்போது, உள்ளேயிருந்து சொல்வது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்டாலும் வருவது அதே சொல்தான்.

ஒரு மத்தியானம் முள்ளங்கி சூப் வைத்திருந்தாள். மடக்கு மேசையில் கிண்ணத்தை வைத்து ஊற்றினாள். ஏதோ யோசனையில் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சூப் விளிம்புக்கு வந்துவிட்டது.

நல்ல கை மெதுவாக எழுந்தது. உள்ளங்கை கிண்ணத்தின் மேல் வந்து கவிழ்ந்தது.

"ஆமிதோஃபோ." கடைசி எழுத்து வெடுக்கென்று வெட்டியது.

பாவ்ஜு கரண்டியோடு நின்றாள். அந்த முகத்தில் ஒரு பாதி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. புதன்கிழமைகளில் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் அதே பாதி.

"நீங்கதானா?" என்று அழுதாள். "ஐயோ, நீங்கதானா வாத்தியாரே?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். குளிருக்கு விறைத்திருந்த அவருடைய விளங்காத பாதத்தை எடுத்துக் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது சூடாயிற்று. அப்போது, கையில் கரண்டி இல்லாமல், அதே கேள்வியைக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரருக்குப் பாதம் சூடா இருந்துச்சே. அவர் எங்க போயிருப்பாரு?"

வாத்தியார் சிரமப்பட்டு முன்னால் சாய்ந்தார். நல்ல கையைக் கொண்டுவந்து அவள் கைகளின் மேல், அவள் சூடேற்றிய தன் பாதத்தின் மேல், வைத்தார். மூன்று தடவை தட்டினார். அவள் கையை, பிறகு தன் பாதத்தை. மறுபடி அவள் கையை.

"ஆமிதோஃபோ," என்றார். இந்தத் தடவை வெட்டவில்லை. நீளமாக, மூச்சு தீரும் வரை இழுத்தார்.

என் வீட்டுக்காரர் பாதத்தில் இருந்தது என் கைச் சூடு, அவ்வளவுதான் என்று பாவ்ஜு சொல்கிறாள். கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சிப்பியைப் பிளந்துகொண்டே சொல்கிறாள். யூலான் முக்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கோ அக்கா இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் மணிப்பையைத் திறப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாச்சா என்று கேட்கிறார். அவரைத் திட்டுகிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். கிடங்கின் வழியே போகும்போது இன்னும் ஸ்கூட்டரை முறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

படிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரிலும் யாராவது வாயில் சாமி பெயரோடு சாய்ந்து கிடக்கலாம். சுற்றி நிற்பவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களில் ஒருவராவது முதலில் குனிந்து அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக இதை அவர்களிடம் சொல்லிவையுங்கள். எழுத்துப் படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். பாவ்ஜுவின் பெயர் மறந்துபோனால் பரவாயில்லை, அவள் பாதத்தைப் பிடித்ததை மட்டும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.